எல்சிப் பார்

மரியே வாழ்க

ராயபுரம்,
28 ஆகஸ்ட் 2025

சில்வியாவுக்கு,

மேலே அந்த இரண்டு வார்த்தையை எழுதாமல் அனுப்பினால் உங்கள் மதர் கடிதத்தை உன் கையில் கொடுக்கவே மாட்டார் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

நலமா என்று கேட்கப்போவதில்லை. செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு மாதம் இரண்டு கடிதம்தான் என்று சொல்கிற மடத்துக்கு நீயாக விரும்பிப் போனாய், நலமாகத்தான் இருப்பாய். இங்கே நம் வீட்டில் திருட்டு நடக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் காசிமேட்டு ஏலக் கூடத்தில் அசோகன் படகிலிருந்து களவா இறங்கியது. ஒவ்வொரு மீனும் ஐந்து கிலோ, ஆறு கிலோ. அந்த அளவுக் களவா இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் கிடைக்கும். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நைனாவுக்குத் தெரியும். நான்காவதாக ஒருத்தனுக்குத் தெரியக் கூடாது. கடலுக்கடியில் கிடக்கிற அந்தப் பாறைத் திட்டை நைனா கண்டுபிடித்து, அம்மா பெயரை வைத்து, எல்சிப் பார் என்று கூப்பிட ஆரம்பித்து இருபது வருஷம் ஆகிறது. அம்மா போன பிறகும் அந்தப் பெயரை வெளியாள் காதில் விழும்படி அவர் சொன்னதில்லை. எந்தத் திசையில் என்று நானும் எழுத மாட்டேன், இந்தக் கடிதம் எத்தனை கை மாறுமோ. இப்போது அங்கே அசோகன் தூண்டில் போடுகிறான். எட்டு வருஷமாக நம்மோடு பேச்சு இல்லாதவன்! படகு நிறுத்துகிற இடத்துக்காக நைனாவின் சட்டையைப் பிடித்தவன்! மீனின் பெயர் களவா என்றால் அதைக் களவாடித்தான் ஆக வேண்டுமா?

எப்படித் தெரிந்தது என்று நானும் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நைனா தனியாகப் போகிறாரே என்று லாரிக்கு மாட்டுகிற டிராக்கரை டிபன் டப்பாவுக்குள் வைத்துப் படகில் கட்டிவிட்டாய் அல்லவா? அது நிமிஷத்துக்கு ஒரு தடவை படகு இருக்கும் இடத்தை நம் பீரோவின் மேல் உறுமிக்கொண்டிருக்கிற உன் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதை வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகக் காட்டுகிறது. புள்ளி எங்கே மூன்று மணி நேரம் நகராமல் நிற்கிறதோ அதுதான் எல்சிப் பார். சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

அந்தச் சர்வருக்கு நெட் கொடுப்பது யார்? கேபிள்கார நீலமேகம். நீலமேகத்தின் பெண்டாட்டி யார்? அசோகனின் கூடப்பிறந்த தங்கச்சி. போதுமா?

நைனாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். "கடல் இன்னா நம்ப அப்பன் வூட்டு சொத்தாடா?" என்று கேட்டுவிட்டுக் கைலியை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். வயசாகிறது, பயந்துவிட்டார் போலிருக்கிறது.

நீலமேகத்தின் ஒயரை அறுத்து எறியப்போகிறேன். வேறு யாரிடம் நெட் வாங்குவது என்று எழுது. சரியான ஆள் கிடைக்கவில்லை என்றால் சர்வரையே அணைத்துவிடுவேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், மனசில் வைத்துப் பூட்ட எனக்குத் தெரியாது. நீ மடத்துக்குப் போனது ஜூன். அசோகன் அங்கே வர ஆரம்பித்ததும் ஜூன். பாஸ்வேர்டு நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். நீ யாரிடமாவது சொன்னாயா?

சைமன்

மதர், இதை முதலில் படிப்பது நீங்கள்தான் என்று தெரியும். பார் விஷயம் உங்களோடு இருக்கட்டும்.

*

ஏற்காடு,
2 செப்டம்பர் 2025

அண்ணா,

மதர் படித்தார். "உன் அண்ணன் எப்போதும் இப்படித்தான் எழுதுவாரா?" என்று கேட்டார். பேசுவதும் இப்படித்தான் மதர் என்றேன். தனக்குச் சொந்த ஊர் பழவேற்காடு என்றும், மீன் கிடைக்கும் இடத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று தனக்கும் தெரியும் என்றும் உனக்கு எழுதச் சொன்னார்.

பாஸ்வேர்டை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை ஒரு முறைதான் எழுதுவேன். உன் கேள்வியைப் படித்த அன்று சமையலறையில் எனக்குப் பாத்திரம் கழுவும் முறை. ஒரு குவளை நெளிந்துவிட்டது. அதற்கு மேல் என் கோபத்தை இங்கே எழுத முடியாது.

நீலமேகம் அண்ணன் உன் புள்ளியைப் பார்க்க முடியாது. அந்த மாதிரி நெட் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள் சொல்கிறேன், கேள். அவர் ஒயர் வழியாகப் போவதெல்லாம் ஒட்டிய உறை. எந்த வீட்டுக்கு எத்தனை உறை போகிறது என்று அவருக்குத் தெரியும், பிரித்துப் படிக்க முடியாது. (இங்கே பிரித்துப் படிக்கிறார்கள். அது வேறு.) யாரோ பார்க்கிறார்கள் என்றால் பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள்.

நீ சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. மாற்றித்தான் தீருவாய் என்றால் கொஞ்சம் விவரமாக மாற்று. சினிமா பார்க்கிற வீடு நெட் வாங்குவதும் சர்வர் வைத்திருக்கிற வீடு நெட் வாங்குவதும் ஒன்றில்லை. சினிமாவுக்கு நாம் போய் எடுத்துக்கொண்டு வருகிறோம். நமக்கோ, கடலில் இருக்கிற ஒரு டப்பா நம்மைத் தேடி வந்து கதவைத் தட்டுகிறது. அதனால் வீட்டுக்கென்று மாறாத தனி ஐபி விலாசம் தருவீர்களா என்று முதலில் கேள். பல கம்பெனிகளில் நூறு வீட்டை ஒரே விலாசத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். நைனாவின் டிராக்கர் வந்து தட்டினால் எந்த வீடு என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் போர்ட் திறந்துவிடுவீர்களா என்று கேள். நீ வேலை பார்க்கிற போர்ட் இல்லை! சர்வருக்குள் நுழைய எண் போட்ட வாசல்கள் உண்டு, அதற்குப் பெயர் போர்ட். நைனாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ப வூட்டுக்குள்ள ஒரு போர்ட்டா?" என்று அரை நாள் சிரித்தார். கடைசியாக, கரண்ட் போனால் அவர்கள் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டுக்கொள். நீலமேகம் அண்ணன் எல்லாவற்றுக்கும் சரி என்றார், அதனால்தான் அவரிடம் வாங்கினேன். அவர் யார் வீட்டு மாப்பிள்ளை என்று நான் விசாரிக்கவில்லை.

ஆனால் ஒன்று. சர்வரை அணைக்காதே. நைனாவுக்கு அறுபத்தொரு வயசு. கூட வந்த ஆளும் நின்றுவிட்டான். கரையை விட்டுப் போனால் அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்ல அந்தப் புள்ளியை விட்டால் வேறு எதுவும் இல்லை.

திருடனை நான் கண்டுபிடித்துத் தருகிறேன். அந்தப் பக்கத்தின் அடியில் 'வந்தவர்கள்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் எந்த நேரத்தில் எந்த போனிலிருந்து யார் பார்த்தார்கள் என்று வரும். பத்துப் பதினோரு நாளுக்கு அதையும், படகு போன வழியையும் தாளில் எடுத்துத் தபாலில் அனுப்பு.

நைனா இரவில் மாத்திரை போடுகிறாரா?

சில்வியா

*

மரியே வாழ்க

ராயபுரம்,
13 செப்டம்பர் 2025

சில்வியாவுக்கு,

சரி, நீ சொல்லவில்லை. நம்புகிறேன். குவளைக்கு நான் பொறுப்பில்லை.

பதினோரு நாள் தாளும் இதோடு இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுக்கும்போது கடைக்காரனை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான் எடுத்தேன். படகு போன வழியில் இடத்தைக் காட்டும் எண்களையெல்லாம் கறுப்பு மார்க்கரால் அடித்துவிட்டேன். உன்னை நம்புகிறேன். மதரையும் நம்புகிறேன். ஆனால் பழவேற்காடு என்கிறாய், அவருக்கு அண்ணன் தம்பி, படகு கிடகு இல்லாமலா இருக்கும்? வேளையும் வேகமும் மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், அதை வைத்து யாரும் மீன் பிடிக்க முடியாது.

வந்தவர்கள் தாளைப் பார், வயிறு எரிகிறது. ஒரே ஒரு போன். நம் மூன்று பேரிடமும் இல்லாத ரகம். காலை நாலு மணிக்கு ஆரம்பித்து விடாமல் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை நைனா பூசைக்குப் போகிறார், படகு கரையில் கிடக்கிறது, அன்றைக்கு அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தொழில்காரத் திருடன்!

பாஸ்வேர்டை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். நைனா, "மாத்தாத, எனக்கு மனசுல நிக்காது" என்று ஒரே அடம். எனக்கு என்னமோ நீலமேகம் நைனாவையும் ஏதோ சொல்லி மிரட்டி வைத்திருக்கிறான் என்று படுகிறது. நேற்றுத் தெருவில் எதிரே வந்தவன், "இன்னா சைமன், லைன் நல்லா கீதா?" என்று கேட்டுச் சிரிக்கிறான். எதற்குச் சிரிக்க வேண்டும்?

புது லைனுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. மூன்று கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நீ சொன்ன கேள்விகளைக் கேட்பதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன்: உங்கள் ஆபீசில் கடலோரத்து ஆள் யாராவது வேலை செய்கிறார்களா? முதல் கம்பெனிக்காரன் திருவொற்றியூர் குப்பத்துப் பையன். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இரண்டாவது ஆபீசில் போன் எடுத்த பெண்ணுக்கு எர்ணாவூர், மாமனாருக்கு வலை இருக்கிறதாம். ஆளை விடம்மா என்று வைத்துவிட்டேன். மூன்றாவது பெரிய கம்பெனி, ஊர் பூராவும் விளம்பரம் செய்கிறார்களே, அவர்கள். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தவர் பெயர் ராமசுப்பு. பல்லாவரத்தில் வீடு. மீனை வாயில் வைத்ததில்லையாம், சுத்த சைவம்! நம் வாசலில் காய்ந்த நெத்திலி நாற்றத்துக்கே மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டுதான் உள்ளே வந்தார். எல்சிப் பாரைத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் இவருக்கு அது எதற்கு? அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

உன் கேள்விகளையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "பாத்துக்கலாம் சார்" என்றார். புதன்கிழமை வந்து மாட்டுகிறார். நீலமேகத்திடம் சொல்லவில்லை. ஒயர் அறுந்து தொங்கும்போது அவனாகத் தெரிந்துகொள்ளட்டும்.

மாத்திரை போடுகிறார் என்று நினைக்கிறேன்.

சைமன்

*

ஏற்காடு,
18 செப்டம்பர் 2025

அண்ணா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. புதன்கிழமை, நீ லைன் மாற்றுகிறேன் என்று எழுதிய அதே நாள். இது உன் கையில் கிடைக்கும்போது ஆகிவிட்டிருக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆகவில்லை என்றால் தயவுசெய்து நிறுத்து. ஆகிவிட்டிருந்தால் நீலமேகம் அண்ணன் காலில் விழுந்தாவது பழைய லைனைத் திரும்ப வாங்கு. "பாத்துக்கலாம் சார்" என்றால் தனி விலாசம் கிடையாது என்று அர்த்தம்.

உன் தாள்களை மதியம் தையல் நேரத்தில் படித்தேன். கறுப்பு அடித்ததைப் பார்த்து மதர் சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவருடைய அண்ணன் இரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் என்று உனக்குச் சொல்லச் சொன்னார்.

நாளெல்லாம் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்த்து எழுதுகிறவன் நீ. இந்த எண்களை ஏன் பார்க்கவில்லை? அந்தத் திருடனுக்கு வேண்டியது எல்சிப் பார் இருக்கும் இடம்தான் என்றால், ஒரு நாள் பார்த்தாலே போதும். பார் நடந்தா போகும்? இவன் பதினோரு நாள் பார்க்கிறான். சரி, தினமும் எங்கே நிற்கிறார் என்று பார்க்கிறான் என்றே வைத்துக்கொள். நைனா நின்றதும் மூடிவிட வேண்டும். இவன் மூடவில்லை. நைனா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பும்போதும் பார்க்கிறான். வெறும் படகு கரைக்கு வருவதை எந்தத் திருடன் பார்ப்பான்? படகின் வேகம் குறைந்து முகத்துவாரம் நுழைகிற இரண்டு நிமிஷத்துக்குள் பார்ப்பது நிற்கிறது. ஒரு நாள் அல்ல, எல்லா நாளும்.

ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. திரும்பி வருகிற வழியில் வேகம் சைபர். நாற்பது நிமிஷம் சைபர். அந்த நாற்பது நிமிஷத்தில் அந்த போன் பதினேழு முறை பார்த்திருக்கிறது. அன்றைக்கு என்ன ஆயிற்று என்று நைனா உன்னிடம் சொன்னாரா? நீ கேட்டாயா?

யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அண்ணா, இவன் மீனைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்க்கிறான்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று மதரைக் கேட்டேன், எழுது என்றார். பதினோரு நாளில் உன் போன் இந்தத் தாள்களில் ஒரே ஒரு முறை வருகிறது. அது இந்தத் தாளை எடுப்பதற்காக நீ உள்ளே நுழைந்த நேரம்.

சில்வியா

*

மரியே வாழ்க

ராயபுரம்,
23 செப்டம்பர் 2025

சில்வியா,

முதலில் இதைப் படி: நைனா உயிரோடு இருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கஞ்சி குடிக்கிறார், நர்சைத் திட்டுகிறார். பயப்படாதே. மடத்து ஆபீசுக்கு போன் செய்து சொல்லலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். போனில் என்னால் சொல்ல முடியாது, வாய் வராது.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. மூன்று நாள் முன்னால் வந்திருந்தால்.

புதன்கிழமை ராமசுப்பு வந்து மாட்டிவிட்டுப் போனார். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து திருட்டுப் பயல் வந்தானா என்று பார்க்கத் திறந்தால், புள்ளி முந்தின நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கம்பெனிக்கு போன் போட்டேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் தெருக் குழாயடியில் நின்றுதான் கத்தினேன். "போர்ட்ட மூடி வச்சிக்கினு இன்னா பேச்சு பேசறீங்க? எப்ப தொறப்பீங்க? நாளன்னிக்கா? அதுவரிக்கும் எங்க போட்டு இன்னா பண்றது?" இதே வார்த்தைதான். நான் நீ சொன்ன வாசலைத்தான் சொன்னேன். ஆனால் குழாயடியில் நின்றவர்களுக்கு நான் யார்? போர்ட்டில் வேலை பார்க்கிறவன்! அரை மணி நேரத்தில் தெருவெல்லாம் பரவிவிட்டது. "போர்ட்டு மூடிட்டாங்களாம், சைமனே சொல்லிட்டான், ஒரு போட்டும் போவக் கூடாதாம்" என்று. காசிமேடு போய்ச் சேர்வதற்குள் அது கடற்படை ஒத்திகையாக ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை நம் பக்கத்துப் படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை.

நைனா மட்டும் போயிருக்கிறார்.

காலை ஒன்பது மணி இருக்கும். எனக்கு மதிய ஷிப்ட், பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கதவு உடைகிற மாதிரி தட்டுகிறார்கள். திறந்தால் அசோகன். எட்டு வருஷத்துக்குப் பிறகு நம் வாசலில்.

"புள்ளி எங்கடா?"

"இன்னா புள்ளி?"

"பச்சப் புள்ளிடா! நேத்துலேர்ந்து தொறக்க மாட்டேங்குது. நேத்து எங்கண்ணுக்கு முன்னாலியே தூண்டி போட்டுக்கினு இருந்தாரு, நானும் கண்டுக்கல. இன்னிக்கு நாங்க யாரும் போவல. உங்க நைனா போட்டு கரையில இல்ல. ஆளு எங்க?"

எனக்கு மண்டைக்குள் ஒன்றுதான் ஏறியது. "அப்ப நீதான்டா அந்தத் திருடன்" என்று அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். அவர் என் கையைத் தட்டிவிடவே இல்லை. "சட்டைய அப்பறம் புடிடா. மொதல்ல உங்கப்பா எங்கன்னு சொல்லு" என்றார்.

சில்வியா, நைனா காலையில் போனாரா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன், அவருடைய தண்ணீர்க் கேன் இல்லை.

அசோகன் அண்ணன் படகில் ஏறினேன். கடலில் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், போகிற வழியெல்லாம் வாந்தி. "எங்க தேடறது?" என்று கேட்டேன். "எங்க கீறார்னு தெரியாது. எங்க நிப்பார்னு தெரியும்" என்றார். எண்ணூருக்கு நேர் கிழக்கே, கரையிலிருந்து ஏழு கிலோமீட்டர், நேராகக் கொண்டுபோய் எல்சிப் பாரின் மேல் நிறுத்தினார். அங்கே நைனா இல்லை. தண்ணீரின் இழுப்பைப் பார்த்துவிட்டு வடக்கே திருப்பினார். முக்கால் மணி நேரத்தில் நம் படகு 'செபமாலை மாதா' தெரிந்தது, ஆள் தெரியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் படகுக்குள் மல்லாந்து கிடக்கிறார். நங்கூரக் கயிறு இன்ஜின் காற்றாடியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவிழ்க்கக் குனிந்தவரை அலை தூக்கிப் போட்டிருக்கிறது. மணிக்கட்டும் இரண்டு விலா எலும்பும் முறிந்து, போன் தண்ணீரில் போய், மூன்று மணி நேரம். வேறு நாளாக இருந்தால் அந்தப் பக்கம் பத்துப் படகு போயிருக்கும். என் வாய்தான் மொத்தக் கடலையும் காலி பண்ணி வைத்திருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "நீ எதுக்குடா வந்த, ஒனக்குத்தான் ஒத்துக்காதே."

ஊரே போகாதபோது அவர் ஏன் போனார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "எல்லாரும் போர்ட்டு மூடிட்டாங்கன்னாங்கோ. எம் பொண்ணு சொல்லிக் குடுத்துக்கீறா, அது வேற போர்ட்டுன்னு" என்று வலியோடு சிரிக்கிறார்.

பாஸ்வேர்டைக் கொடுத்ததும் அவர்தான். நீ போன அடுத்த வாரம், ஏலக் கூடத்தில் அசோகன் அண்ணனிடம் அவராகவே போய்ப் பேசியிருக்கிறார். "எம் பொண்ணு பூட்டா. இனிமே இத்தப் பாக்க வூட்ல ஆளில்ல. நீ பாரு. பதிலுக்கு எம் பார்ல நீயும் தூண்டி போட்டுக்க" என்று. இருபது வருஷம் மூடி வைத்திருந்த எல்சிப் பாரை, யாராவது தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்திருக்கிறார். ஒன்பதாம் தேதியும் கயிறுதான் சிக்கியதாம். அன்றைக்கு அசோகன் அண்ணன்தான் வந்து அவிழ்த்துவிட்டாராம்.

"எங்கிட்ட ஏன் நைனா சொல்லல?" என்று கேட்டேன்.

"இன்னான்னு சொல்றது? எம் மொவன் பாக்க மாட்டான்னா?"

என்னை வைவதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. மதரிடம் சொல்லி ஒரு கடிதம் கூடக் கேட்டு வாங்கிக்கொள்.

சைமன்

*

ஏற்காடு,
28 செப்டம்பர் 2025

அண்ணா,

மதர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவரே ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டு போனை என் கையில் கொடுத்தார். நைனாவோடு ஐந்து நிமிஷம் பேசினேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "உங்கண்ணன் போட்ல வந்தாம்மா" என்று நாலு தடவை சொன்னார்.

வைவதற்கு உட்கார்ந்தேன். இரண்டு தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். உன் மேல் எனக்கு ரொம்பக் கோபம். திருடனைப் பிடிக்க நீ பட்ட பாட்டில் கால்வாசி போதும், காலையில் ஒரு தடவை போனைத் திறந்து பார்க்க. நானும் யோக்கியம் இல்லை. பெட்டியைச் செய்து வைத்துவிட்டுப் புறப்பட்டு வந்துவிட்டேன்.

ஜூன் மாதம் பஸ் ஏறும்போது உன்னிடம் நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. 'பார்' என்றேன்.

சில்வியா

*

மரியே வாழ்க

ராயபுரம்,
8 அக்டோபர் 2025

சில்வியா,

ஞாபகம் இருக்கிறது. நீ ஜன்னலோரத்து சீட்டைக் காட்டுகிறாய் என்று நினைத்து, "பாத்துட்டேன், காலி" என்று சொன்னேன்.

நைனா வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கையில் மாவுக்கட்டு, இரண்டு மாதத்துக்குக் கடல் கிடையாது. மாத்திரையை இரவு நானே எடுத்துக் கொடுக்கிறேன், 'நினைக்கிறேன்' எல்லாம் இல்லை.

ராமசுப்பு பாவம், அவராகவே வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார். எங்கள் கம்பெனி சினிமா பார்க்கிற வீட்டுக்குத்தான் சார் சரிப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர், இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். அப்புறம் நீலமேகம் அண்ணன் ஆபீசுக்குப் போனேன். படியில் நின்று எப்படி ஆரம்பிப்பது என்று முழித்துக்கொண்டிருந்தேன். "இன்னா சைமன், லைன் நல்லா கீதா?" என்றார். அதே சிரிப்பு. எல்லாரிடமும் அப்படித்தான் சிரிக்கிறார், இப்போதுதான் கவனித்தேன். நான் அறுத்துப் போட்ட ஒயரைச் சுருட்டாமல் நம் மாடிக் கம்பியிலேயே கட்டி வைத்திருந்தார். மாலைக்குள் லைன் வந்துவிட்டது. அதே தனி விலாசம், அதே வாசல், பாஸ்வேர்டும் அதேதான். உன் சர்வர் மறுபடி உறுமுகிறது.

ஆனால் நைனா வீட்டில் இருக்கிறாரே, புள்ளி யாருக்கு என்று நீ கேட்பாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே டிபன் டப்பாவை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். "அசோகன் தனியாத்தான் போறான். அவன் போட்ல கட்டிட்டு வாடா" என்றார். கட்டினேன். சட்டையைப் பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "உங்கப்பா சட்டைய நான் புடிச்சேன், எஞ்சட்டைய நீ புடிச்ச, சரியாப் போச்சு, முடிச்ச நல்லா இறுக்கு" என்றார்.

இதோடு எட்டு நாள் தாள் அனுப்பியிருக்கிறேன், படகு போன வழியும் வந்தவர்களும். இந்தத் தடவை எதையும் கறுப்பு அடிக்கவில்லை. மதர் வேண்டுமானால் எல்சிப் பாரை வரைபடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், அவருடைய அண்ணனுக்கும் காட்டட்டும்.

தாளில் ஒரே ஒரு போன்தான் இருக்கிறது. காலை நாலு மணிக்கு ஆரம்பித்து, படகு முகத்துவாரம் நுழைந்த இரண்டாவது நிமிஷத்தில் நிற்கிறது. ஆறாம் தேதி, திங்கட்கிழமை, புள்ளி பாரிலிருந்து கிளம்பிய பிறகு வழியில் அரை மணி நேரம் சைபர். கடைசியில் பார்த்தால் மனிதர் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருக்கிறார். அந்த அரை மணி நேரத்தில் அந்த போன் எத்தனை தடவை பார்த்தது என்று எண்ணு. போர்ட்டில் சூப்பர்வைசர் கன்டெய்னர் எண்ணைக் கேட்டுவிட்டு முறைத்துக்கொண்டு நிற்கிற அளவுக்குப் பார்த்திருக்கிறது.

யாருடைய போன் என்று கண்டுபிடித்து எழுது.

சைமன்